க்ஸினோமாவ்ரோ: ஓக் பீப்பாய்க்குள் 12 மாதம் என்ன நடக்கிறது?

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பர் ஒருவர் ஒரு பாட்டில் சிவப்பு வைன் கொண்டுவந்திருந்தார். கிரீஸ் நாட்டு வைன். லேபிளில் 'நாவுசா' என்று ஊர்ப் பெயர், அதற்குக் கீழே 'ஓக் பீப்பாயில் முதிர்ந்தது' என்று ஒரு வரி. அந்த வரியைப் பார்த்ததும் அறையில் இருந்த நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள்.

"பீப்பாயில வெச்சதுன்னா போதை கூடுதலா இருக்கும்."

"அதெல்லாம் இல்ல, மரத்தோட வாசனை ஏறணும்னுதான் வெக்கிறாங்க."

"எந்த வைனா இருந்தாலும் பழசானா நல்லாதான் இருக்கும்."

"கிரீஸ் வைனா? பிசின் வாசனை அடிக்குமே!"

இரண்டாமவர் சொன்னது பாதி சரி. மற்ற மூன்றும் தவறு. அன்று வாய்வழியாக விளக்கப் பார்த்தேன், பாதியில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன். வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. டீ போடத் தெரிந்தால் போதும்.

புளிப்பும் கருப்பும்

வடக்கு கிரீஸில், தெசலோனிக்கி நகரத்திலிருந்து மேற்கே சுமார் 90 கிலோமீட்டர் போனால் வெர்மியோ மலை வரும். அதன் அடிவாரச் சரிவில் இருக்கும் ஊர் நாவுசா. (பாரோஸ் தீவிலும் நாவுசா என்று ஒரு மீன்பிடி ஊர் உண்டு. சுற்றுலாப் படங்களில் வெள்ளை வீடுகளோடு வருவது அதுதான். நாம் பேசுவது மலையடிவார நாவுசாவைப் பற்றி.)

இந்த ஊர்ச் சிவப்பு வைனுக்கு ஒரே திராட்சைதான்: க்ஸினோமாவ்ரோ. கிரேக்க மொழியில் 'க்ஸினோ' என்றால் புளிப்பு, 'மாவ்ரோ' என்றால் கருப்பு. பெயர் வைத்தவர்கள் ஒளிவுமறைவு இல்லாமல் வைத்திருக்கிறார்கள். பழம் கருப்பு, சாறு புளிப்பு.

இது கிரீஸின் நாட்டு ரகம். நாட்டு ரகம் என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாட்டுத் தக்காளியையும் பெங்களூர்த் தக்காளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரசம் வைத்தவர்களுக்கு அது தெரியும். ஒன்று புளிக்கும், தோல் மெல்லிசு, சீக்கிரம் கெடும், ஆனால் ரசத்துக்கு அதுதான் வேண்டும். மற்றது எங்கும் விளையும், எங்கும் ஒரே மாதிரி இருக்கும். வைன் உலகத்தில் அப்படி எங்கும் விளையும் ரகங்கள் பிரான்ஸிலிருந்து கிளம்பிய கபர்னே சோவிஞான், மெர்லோ போன்றவை. கிரீஸிலோ 200-க்கும் மேற்பட்ட நாட்டுத் திராட்சை ரகங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வேறெங்கும் பரவவில்லை.

க்ஸினோமாவ்ரோ எளிதில் கைக்கு வரும் பயிர் அல்ல. மற்ற ரகங்கள் பலவும் பறித்து முடிந்த பிறகுதான் இது பழுக்கும், பல வருடங்களில் அக்டோபர் வரை இழுக்கும். அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கொத்தோடு அழுகல் வரும். சரியாகப் பழுக்காமல் பறித்தால் புளிப்பும் துவர்ப்பும் நாக்கைப் பிடுங்கும்.

1971-ல் நாவுசா என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. நம்மூர் புவிசார் குறியீடு போன்றதுதான். இனிப்பில்லாத சிவப்பு வைன் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டுமானால் திராட்சை அந்த வட்டாரத்தில் விளைந்திருக்க வேண்டும், முழுக்க க்ஸினோமாவ்ரோவாக இருக்க வேண்டும், ஓக் பீப்பாயில் குறைந்தது 12 மாதம் இருந்திருக்க வேண்டும். பீப்பாய் இங்கே சட்டத்திலேயே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஏன் என்பதுதான் நம் கேள்வி.

துவர்ப்பு என்றால் என்ன

இதற்கு ஒரு சின்னச் சோதனை. டீத்தூளைத் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். வடிகட்டி, பால் சர்க்கரை எதுவும் சேர்க்காமல், ஆறிய பிறகு ஒரு வாய் குடியுங்கள். கசப்பை விடுங்கள். விழுங்கிய பிறகு நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பு போயிருக்கும். சொரசொரவென்று, வாயே காய்ந்தாற்போல இருக்கும். கன்னத்தின் உட்பக்கம் லேசாக இழுத்துப் பிடிக்கும். கொட்டை நாவல்பழத்தைச் செங்காயாகத் தின்றால் வருவதும், கடுக்காயை நக்கினால் வருவதும் இதே உணர்வுதான்.

இந்தத் துவர்ப்பைத் தரும் பொருளுக்கு டானின் என்று பெயர். தாவரங்களின் தோல், விதை, பட்டை, இலை எல்லாவற்றிலும் இருக்கிறது. புரதத்தைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்வது அதன் குணம். நம் எச்சிலை வழவழப்பாக வைத்திருப்பது ஒருவகைப் புரதம். டானின் அதைப் பிடித்துக்கொண்டதும் வழவழப்பு போய்விடுகிறது, வாய் உலர்கிறது.

இப்போது அதே டிகாஷனில் கொஞ்சம் பால் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். துவர்ப்பு பெரிதும் அடங்கியிருக்கும். டானின் உங்கள் எச்சிலுக்கு வருவதற்கு முன்பே பாலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. டானின் எங்கும் காணாமல் போகவில்லை. அதன் கை ஏற்கெனவே வேறொன்றைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பீப்பாயின் கதை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

சிவப்பு வைனில் டானின் எங்கிருந்து வருகிறது? தோலிலிருந்தும் விதையிலிருந்தும். வெள்ளை வைன் செய்யும்போது பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சிவப்பு வைனுக்குத் தோல், விதை எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் நொதிக்க விடுவார்கள். சிவப்பு நிறமும் அந்தத் தோலில்தான் இருக்கிறது.

க்ஸினோமாவ்ரோவின் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. டானின் மிக அதிகம், புளிப்பும் அதிகம், ஆனால் நிறமி குறைவு. பழத்தின் கருப்பைப் பார்த்து அடர்ந்த நாவல் நிற வைன் வரும் என்று எதிர்பார்த்தால் வெளிறிய சிவப்பில் ஒன்று வரும். இத்தாலியின் பரோலோ வைனைத் தரும் நெபியோலோ திராட்சையோடு இதை அடிக்கடி ஒப்பிடுவதற்கு இதுதான் காரணம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நாவுசாவின் திராட்சை புளிப்பும் துவர்ப்பும் மிகுந்த, நிறம் குறைந்த நாட்டு ரகம். துவர்ப்புக்குக் காரணம் டானின். டானினின் கை வேறெதையாவது பிடித்திருந்தால் நம் வாய்க்குத் துவர்ப்பு குறையும்.

பீப்பாய்க்குள் போதை ஏறுமா?

ஏறாது. இதை முதலில் தீர்த்துவிடலாம்.

ஆல்கஹால் சர்க்கரையிலிருந்து வருவது. ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் திராட்சையின் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இதற்குத்தான் நொதித்தல் என்று பெயர். இட்லி மாவு பொங்குவதும் நொதித்தல்தான், அங்கே வேலை செய்யும் கூட்டத்தில் பெரும்பங்கு பாக்டீரியாவுக்கு. நாவுசா போன்ற இனிப்பில்லாத வைனில், பீப்பாய்க்குப் போவதற்குள் சர்க்கரை ஏறக்குறைய முழுதும் தீர்ந்திருக்கும். தின்னச் சர்க்கரை இல்லாத இடத்தில் புதிதாக ஆல்கஹால் எங்கிருந்து வரும்?

இந்தக் கட்டத்தில் இன்னொரு மாற்றமும் நடக்கும். பச்சை ஆப்பிளில் இருக்கும் கூரான அமிலத்தை, ஒருவகைப் பாக்டீரியா தயிரில் இருக்கும் மென்மையான அமிலமாக மாற்றும். க்ஸினோமாவ்ரோ போன்ற புளிப்புக்காரனுக்கு இது பெரிய உதவி.

மரம் மூச்சுவிடுகிறது

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. எவர்சில்வர் குடத்தில் அது நடக்காது.

ஓக் பீப்பாயை மண்பானை மாதிரியும், வைன் வைக்கும் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியை எவர்சில்வர் குடம் மாதிரியும் நினைத்துக்கொள்ளுங்கள். ஓக் என்பது குளிர்நாடுகளில் வளரும் கருவாலி மரம். சுமார் இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள பலகைகளைச் சேர்த்து இரும்பு வளையம் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஆணி கிடையாது, பசை கிடையாது. ஒழுகாது. ஆனாலும் அந்த மரத்தின் வழியாகவும், பலகைகள் சேரும் இடுக்குகள் வழியாகவும், மேலே இருக்கும் அடைப்பின் வழியாகவும் மிக மிகக் கொஞ்சமாகக் காற்று உள்ளே போகிறது. உள்ளே இருக்கும் வைன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே ஆவியாகிறது. ஒரு பீப்பாயில் வருடத்துக்குச் சில லிட்டர் இப்படிக் குறையும்.

அதனால் வைன் செய்பவர்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு பீப்பாயின் அடைப்பையும் திறந்து, அதே வைனைக் கொஞ்சம் ஊற்றி, விளிம்பு தளும்ப நிரப்பி மூடுவார்கள். அலுப்பான வேலை, ஆனால் தள்ளிப்போட முடியாது. குறைந்த இடத்தில் காற்று நின்றால் வைன் வினிகராகத் திரும்ப ஆரம்பித்துவிடும். காற்று வேண்டும், ஆனால் மூக்குத்தி அளவுதான் வேண்டும். இப்படித் துளித்துளியாக நாள்கணக்கில் காற்று சேர்வதற்கு நுண்காற்றேற்றம் என்று பெயர்.

அந்தத் துளிக் காற்று உள்ளே என்ன செய்கிறது? டானினையும் நிறமியையும் ஒன்றோடொன்று பிணைக்கத் துணைபோகிறது. அதுவரை தனித்தனியாக மிதந்துகொண்டிருந்தவை மெல்ல மெல்ல கைகோத்துக்கொள்கின்றன. டீயில் பால் செய்த வேலை நினைவிருக்கிறதா? அங்கே டானின் பாலைப் பிடித்தது. இங்கே ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறது, நிறமியைப் பிடித்துக்கொள்கிறது. அப்படிச் சேர்ந்தவற்றில் சில மிகப் பெரிதாகி, மிதக்க முடியாமல் அடியில் மண்டியாகப் படிந்துவிடும். எச்சிலைப் பிடிக்கத் தயாராக இருக்கும் டானின் குறைகிறது. முரட்டுத் துவர்ப்பு மெதுவாக வழிக்கு வருகிறது.

நிறத்துக்கும் இதனால் நன்மை. தனியாக இருக்கும் நிறமி சீக்கிரம் மங்கும். டானினோடு பிணைந்த நிறமி தாக்குப்பிடிக்கும். ஆனால் அதன் சாயல் ஊதாச் சிவப்பிலிருந்து செங்கல் சிவப்புக்கு நகரும். ஏற்கெனவே நிறமி குறைந்த க்ஸினோமாவ்ரோவில் இந்தச் செங்கல் சாயல் இளம் வயதிலேயே தெரிய ஆரம்பிக்கும். வைன் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், இந்த ரகத்தின் இயல்பே அது.

சரி, சுருக்கமாக: பீப்பாயின் முதல் வேலை வாசனை தருவதல்ல. துளித்துளியாகக் காற்றை விட்டு, டானினும் நிறமியும் சேர நேரம் கொடுப்பது. நாவுசா வைனுக்கு 12 மாதம் என்று சட்டம் வைத்ததன் பொருள் எனக்கு இப்படித்தான் புரிகிறது. இவ்வளவு துவர்க்கும் ஒரு திராட்சையை அவசரமாகக் கடைக்கு அனுப்பாதே என்கிறது அது.

மரத்தின் வாசனை

ஆனாலும் வாசனை உண்டு. பலகையை வளைக்க வேண்டுமானால் சூடு வேண்டும், அதற்காகப் பீப்பாயின் உள்ளே தீ மூட்டுவார்கள். அந்தத் தீயில் மரத்தின் உட்பக்கம் வறுபடும். பச்சைக் காபிக்கொட்டைக்கு மணமில்லை, வறுத்தால்தான் மணம். அதே கணக்கு இங்கேயும். வறுபட்ட மரத்திலிருந்து வனிலாவின் மணப்பொருள் வருகிறது. கிராம்பில் இருக்கும் அதே எண்ணெய்ப்பொருள் ஓக் மரத்திலும் இருக்கிறது. தேங்காய் மணம் தரும் பொருளும் இருக்கிறது, அமெரிக்க ஓக்கில் அது தூக்கலாகவும் பிரெஞ்சு ஓக்கில் அடக்கமாகவும். யாராவது வைனை முகர்ந்து "தேங்காய் வாசனை" என்றால் அது கற்பனை இல்லை.

இதில் எவ்வளவு வைனுக்குள் இறங்கும் என்பது பீப்பாயின் அளவையும் வயதையும் பொறுத்தது. நறுக்கிய மாங்காயில் காரமும் உப்பும் சீக்கிரம் ஏறும், முழு மாவடுவில் மெதுவாக ஏறும். அதுபோல 225 லிட்டர் பீப்பாயில் மரத்தோடு உரசும் வைனின் விகிதம் அதிகம், 500 லிட்டர் பீப்பாயில் குறைவு. வயது என்று பார்த்தால், ஒரு டீ பாக்கெட்டை மூன்று முறை முக்கிய பிறகு சாரம் என்ன மிஞ்சும்? மூன்று நான்கு முறை பயன்படுத்திய பீப்பாயில் வாசனை பெரும்பாலும் தீர்ந்திருக்கும். காற்றை விடும் வேலை மட்டும் தொடரும்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். க்ஸினோமாவ்ரோவைப் புத்தம்புதுச் சின்னப் பீப்பாயில் ஊறவைப்பது அதற்குச் செய்யும் அநியாயம். நிறமும் சதையும் நிறைந்த வைன் வனிலா மணத்தைத் தாங்கும். இதன் மணமோ காய்ந்த தக்காளி, ஆலிவ், ஸ்ட்ராபெர்ரி என்று நுணுக்கமானது, புது மரம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே டானின் மிகுந்த வைனுக்குப் புது மரம் தன் டானினையும் சேர்த்துத் தரும் என்பதையும் மறக்கக் கூடாது. பழைய, பெரிய பீப்பாயில் வளர்ந்த நாவுசா வைனில்தான் எனக்கு அந்தத் தக்காளி மணம் தெளிவாகப் பிடிபட்டது.

பீப்பாய்க்குப் பதில் ஓக் சீவல்களை வைனில் போட்டு ஊறவைக்கும் முறையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் அதை அனுமதித்தது. சீவல் வாசனையைக் கொடுக்கும், ஆனால் சீவல் மூச்சுவிடாது. 'ஓக் வாசனை' என்பதும் 'ஓக் பீப்பாயில் முதிர்ந்தது' என்பதும் வேறு வேறு என்று பிரித்துப் பார்க்க இந்த ஒரு உதாரணம் போதும்.

அப்போது அந்தப் பிசின் வாசனை?

அது ரெட்சினா என்ற வேறொரு வைன். பெரும்பாலும் வெள்ளை, நொதிக்கும்போதே பைன் மரப் பிசின் சேர்ப்பார்கள். நாவுசாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பழங்கால கிரேக்கர்கள் வைனை ஊருக்கு ஊர் அனுப்பியது மரப்பீப்பாயில் இல்லை. ஆம்போரா என்ற இரண்டு காது வைத்த நீண்ட மண்ஜாடியில். மண் கசியும் என்பதால் உட்பக்கம் பிசின் பூசி அடைப்பார்கள். ரெட்சினாவின் சுவை அந்தப் பழக்கத்தின் மிச்சம் என்பார்கள். இந்த ஜாடிகள் நமக்கும் அந்நியமில்லை. 1945-ல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது ஆம்போரா உடைசல்கள் கிடைத்தன. யவனர் கப்பலில் வந்த தேறலைப் பற்றிச் சங்கப் பாடலே பேசுகிறது.

மரப்பீப்பாய் ஐரோப்பாவின் வடக்கே, கோல் என்ற பழங்கால இனத்தவர் வாழ்ந்த குளிர்ப் பகுதிகளிலிருந்து பரவியது. ஆகவே கிரீஸில் திராட்சை மிகப் பழசு, ஓக் பீப்பாய் பிறகு வந்தது.

ஒரே பீப்பாய், வேறு வேறு திராட்சை

க்ஸினோமாவ்ரோ நாவுசாவில் மட்டும் இல்லை. கொஞ்சம் வடக்கே குமெனிசாவில் அதோடு நெகோஸ்கா என்ற இன்னொரு நாட்டு ரகத்தைச் சேர்ப்பார்கள். ஒலிம்பஸ் மலைச் சரிவில் ராப்சானி என்று ஒரு கிராமம். அங்கே க்ஸினோமாவ்ரோ, க்ரசாட்டோ, ஸ்தவ்ரோத்தோ என்று மூன்று நாட்டு ரகங்களை ஏறக்குறையச் சம பங்கில் கலக்கிறார்கள். புளிப்புக்காரனை மற்ற இருவரும் நடுவில் நிறுத்தி நிதானப்படுத்துவதுபோல இருக்கும். அதுவும் ஓக் பீப்பாயில் முதிரும் வைன்தான். முதன்முதலாகக் குடித்துப் பார்ப்பவருக்கு நாவுசாவைவிட ராப்சானி எளிதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

தெற்கே நெமேயாவில் அயோர்யித்திகோ என்ற ரகம். நிறம் நல்ல அடர்த்தி, டானின் பஞ்சுபோல மிருது. இதையும் ஓக்கில் வைக்கிறார்கள், ஆனால் இதற்குப் பீப்பாய் மெருகு. க்ஸினோமாவ்ரோவுக்கோ அது ஏறக்குறைய அத்தியாவசியம்.

பழசானால் எல்லா வைனும் நன்றாகுமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. டானினும் புளிப்பும் நிறைய இருக்கும் வைனுக்குத்தான் காலம் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. நல்ல வருடத்து நாவுசா பாட்டிலுக்குள் பத்து வருடத்துக்கு மேலும் தாங்கும். அந்த இரண்டும் இல்லாத சாதாரண வைனை வைத்திருந்தால் பழ வாசனை போய்ச் சப்பென்று ஆகும்.

கிளாஸில் ஊற்றும்போது

"சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும்" என்று சொல்லிவைத்தவர்கள் ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீடுகளில் இருந்தவர்கள். அவர்கள் சொன்ன அறை 16 முதல் 18 டிகிரி. நம் ஊர் மே மாத அறை 34 டிகிரி. அந்தச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். பாட்டிலை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள், தயங்க வேண்டாம்.

கூட என்ன சாப்பிடலாம்? கொழுப்பும் புரதமும் உள்ளது எதுவும் பொருந்தும். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும், டானினுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். அங்கே ஆட்டுக்கறியோடும், தக்காளி வெங்காயம் போட்டு மெதுவாக வேகவைத்த மாட்டுக்கறியோடும், கெட்டிச் சீஸோடும் குடிக்கிறார்கள். நம் மிளகாய்க் காரம் மட்டும் இதோடு ஒத்துப்போகாது. காரம், ஆல்கஹால், துவர்ப்பு மூன்றும் சேர்ந்தால் நாக்கு எரியும். மிளகாய் குறைத்து, மிளகும் தக்காளியும் தூக்கலாக வைத்த மட்டன் தொக்கு நன்றாகப் பொருந்தியது.

நண்பரின் பாட்டிலை அன்று அப்படித்தான் திறந்தோம். வெள்ளைத் தட்டின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பிடித்தால் நடுவில் மாதுளைச் சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம். முகர்ந்தால் வெயிலில் காயவைத்த தக்காளி, அப்புறம் லேசாகக் கிராம்பு. பாட்டில் முடியும் தறுவாயில் கருஞ்சிவப்பாகக் கொஞ்சம் மண்டி தெரிந்தது. கலப்படமோ என்று ஒருவர் கேட்டார். பீப்பாயில் கைகோக்க ஆரம்பித்த டானினும் நிறமியும் பாட்டிலுக்குள்ளும் சேர்ந்துகொண்டே போய்க் கடைசியில் அடியில் படிந்தவைதான் அது. கெடுதல் இல்லை, ஆனால் வாயில் மணல்போல நறநறக்கும். பரிமாறுவதற்கு முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, ஆட்டாமல் ஊற்றி, அடியில் இருக்கும் அந்த ஒரு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.